காவல் நாய்: கடிக்கப் பழக்குவதா, விடப் பழக்குவதா?

நம் வீடுகளில் நாய் வளர்ப்பு குறித்துப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்களே ஓங்கி ஒலிக்கின்றன. நாய் என்றாலே நஜீஸ், அதன் நிழல்கூட நம் வாசலில் விழக் கூடாது என்பது ஒரு குரல். காலம் கெட்டுக் கிடக்கிறது, யாரைக் கண்டாலும் சீறிப் பாயும் நாய் ஒன்று வாசலில் நின்றால்தான் நிம்மதியாக உறங்க முடியும் என்பது மற்றொரு குரல். முதல் குரல் மார்க்கம் அளித்துள்ள அனுமதியை மறந்துவிடுகிறது. இரண்டாம் குரல் அந்த அனுமதியோடு இணைந்து வரும் பொறுப்பை மறந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த நாய் பழக்கப்பட்டதா?

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் சாலையில் உள்ள நம் மங்கலம்பேட்டைக்கு இது ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வியன்று. பேரூராட்சி எல்லையைத் தாண்டினால் மணிலாக் கொல்லைகளும் கரும்புத் தோட்டங்களும் முந்திரித் தோப்புகளும் விரிகின்றன. கொல்லையில் மோட்டார் கொட்டகை இருக்கிறது; பட்டியில் ஆடுகள் இருக்கின்றன. ஆண்கள் பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்குச் சென்றுவிட, பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும் மட்டுமே வாழும் வீடுகளும் உள்ளன. இவர்களுடைய அச்சம் நியாயமானது. ஆனால் அந்த அச்சத்தைப் போக்க ஒரு நாயை வாங்கிக் கட்டி, அதைச் சீண்டிச் சீண்டி வெறியேற்றி வளர்ப்பது நியாயமானதா என்பதே இங்கு நாம் சிந்திக்க விரும்புவது.

மார்க்கம் எதை அனுமதித்தது?

கால்நடைக் காவல், வேட்டை, வேளாண்மை ஆகிய தேவைகளுக்கன்றி நாய் வளர்ப்பவரின் நற்செயல்களின் கூலியிலிருந்து நாள்தோறும் ஒரு கீராத் குறைந்துவிடும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. இரண்டு கீராத் எனவும் ஓர் அறிவிப்பில் வருகிறது. வீட்டுக் காவல் இந்த மூன்றில் பெயர் சொல்லிக் கூறப்படவில்லை. எனினும் தேவை என்னும் அடிப்படைக் காரணம் ஒன்றாக இருப்பதால், வீடுகளையும் வழிகளையும் காப்பதற்காக வளர்ப்பதும் அந்த மூன்றுடன் ஒப்பிடத்தக்கதே என்ற கருத்தை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மிகச் சரியானதாகக் கண்டார்கள். ஆகவே உண்மையான காவல் தேவைக்கு வாசல் முற்றிலும் அடைக்கப்படவில்லை. பெருமைக்காகவும் அக்கம்பக்கத்தாரை மிரட்டுவதற்காகவும் வளர்ப்போருக்கு அந்த வாசல் திறந்திருப்பதாகக் கொள்ளவும் இடமில்லை.

இதனினும் ஆழமான பாடம் வேட்டை நாய் பற்றிய சட்டத்தில் பொதிந்திருக்கிறது. சூரா அல்மாயிதாவின் 4ஆம் வசனம், பழக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் நமக்காகப் பிடித்தவற்றை ஆகுமாக்கும்போது, அல்லாஹ் நமக்குக் கற்றுத் தந்ததிலிருந்து நாம் அவற்றுக்குக் கற்றுக் கொடுப்பதாகக் குறிப்பிடுகிறது. ஒரு நாய்க்குப் பயிற்சி அளிப்பதுகூட இறைவன் தந்த அறிவின் ஒரு பகுதி என்பது எவ்வளவு பெரிய செய்தி!

அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் தம் வேட்டை நாய்கள் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது கிடைத்த விளக்கம் இன்னும் நுட்பமானது. அல்லாஹ்வின் பெயர் கூறி ஏவப்பட்ட பழக்கப்பட்ட நாய் பிடித்ததை உண்ணலாம். அந்த நாயே அதிலிருந்து தின்றுவிட்டால் நாம் உண்ணக் கூடாது. ஏனெனில் அது தனக்காகவே பிடித்திருக்கிறது. நாய் ஒன்றே, பல் ஒன்றே, பாய்ச்சலும் ஒன்றே. ஆயினும் எசமானனுக்காகப் பிடித்ததா, தன் வேட்கைக்காகப் பிடித்ததா என்பதைக் கொண்டு சட்டம் மாறிவிடுகிறது. ஏவினால் செல்ல வேண்டும், தடுத்தால் நிற்க வேண்டும், பிடித்ததைத் தின்னாதிருக்க வேண்டும். இவை பலமுறை நிகழ்ந்து உறுதிப்பட வேண்டும் என்று ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் பழக்கப்பட்ட நாய்க்கு இலக்கணம் வகுத்தார்கள். இந்த மூன்றில் இரண்டு, அடங்குதலைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள்.

நாயின் உள்ளே இயங்கும் உந்துதல்கள்

இன்றைய காவல் நாய்ப் பயிற்சியின் வேர்கள் பெரும்பாலும் ஜெர்மனியில் உள்ளன. 1899ஆம் ஆண்டில் ஜெர்மன் ஷெப்பர்டு இனத்துக்கான சங்கத்தை மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் தோற்றுவித்தார். மோப்பம், கீழ்ப்படிதல், காவல் ஆகிய மூன்றிலும் ஒரே நாயைச் சோதிக்கும் ‘ஷுட்ஸ்ஹுண்ட்’ தேர்வு முறை அந்த மரபிலிருந்து வளர்ந்தது. கீழ்ப்படிதலில் தோற்ற நாய், எவ்வளவு மூர்க்கமாகக் கடித்தாலும், அத்தேர்வில் தேறுவதில்லை.

நாயை ஒரு செயலை நோக்கித் தள்ளும் உள் ஆற்றலை இப்பயிற்சியாளர்கள் உந்துதல் என்று அழைக்கிறார்கள். காவல் பணியில் இரண்டு உந்துதல்கள் முதன்மையானவை.

முதலாவது இரை உந்துதல். ஓடுவதைத் துரத்துவதும், பிடிப்பதும், கவ்வி உலுக்குவதும் இதன் வெளிப்பாடுகள். இதில் சினம் இல்லை, பகையும் இல்லை. பந்தைத் துரத்தும் குட்டியிடம் நாம் காணும் அதே மகிழ்ச்சிதான் இதுவும். இந்த உந்துதலில் இருக்கும் நாய் துள்ளலோடு குரைக்கும். கவ்வும்போது வாய் நிறையக் கவ்வும். ஓடும் சிறுவனையும் விரையும் சைக்கிளையும் நாய் துரத்துவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அந்தச் சிறுவன் அதற்கு எதிரி அல்லன். ஓடும் ஒரு பொருள், அவ்வளவே.

இரண்டாவது தற்காப்பு உந்துதல். தனக்கோ தன் இடத்துக்கோ ஆபத்து என்று நாய் உணரும்போது இது எழுகிறது. முதுகு மயிர் சிலிர்க்கும், குரல் கனத்து உறுமலாகும், பற்கள் வெளித்தெரியும். இதன் அடியில் இருப்பது அச்சம். ஆகவேதான் இந்நிலையில் உள்ள நாய் முன்பற்களால் வெடுக்கெனக் கடித்துப் பின்வாங்கும், மீண்டும் கடிக்கும். ஓட வழி இருந்தால் ஓடிவிடும். வழி இல்லையென்றால் எதிரில் இருப்பவர் யாராயினும் பாயும்.

இவ்விரண்டுக்கும் மேலாக, மிரட்டலுக்கு அஞ்சாமல் எதிராளியை நேர்கொள்ளும் போராட்ட உந்துதல் ஒன்றையும் பயிற்சியாளர்கள் பேசுவார்கள். அது தன்னம்பிக்கை முதிர்ந்த நாயிடம், நீண்ட பயிற்சிக்குப் பிறகு வெளிப்படுவது. குட்டிப் பருவத்தில் இரை உந்துதலைக் கொண்டு விளையாட்டாகத் தொடங்கி, நாய் வளர்ந்து மனம் உறுதிப்பட்ட பிறகே, அதுவும் சிறிது சிறிதாகவே, தற்காப்பு உந்துதலைத் தொடுவார்கள். எதிராளியாக நடிப்பவர் சணலால் ஆன தடித்த கைக்கவசம் அணிந்திருப்பார். நாய் அச்சத்துக்குள் நழுவும் கணத்தில் அவர் பின்வாங்கி, வெற்றி நாய்க்கே என்ற உணர்வை அதற்குத் தருவார். பிறகு வருவதுதான் கடினமான பாடம்: உணர்ச்சி உச்சத்தில் கவ்விக்கொண்டிருக்கும்போது ‘விடு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பிடியைத் தளர்த்துவது. கடிப்பது அதன் இயல்பிலேயே உள்ளது. விடுவதைத்தான் கற்றுத் தர வேண்டியிருக்கிறது.

உந்துதல் என்னும் சொல்லை அறிவியலாளர்கள் இன்று முன்னைப்போல் எளிமையாகக் கையாள்வதில்லை. உள்ளுணர்வு, அனுபவம், சூழல் ஆகிய மூன்றும் பின்னிப் பிணைந்தே ஒரு செயலை உருவாக்குகின்றன என்பார்கள். ஆயினும் துரத்தும் வேட்கை வேறு, அஞ்சிக் கடிப்பது வேறு என்ற பாகுபாடு நாய் வளர்க்கும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

மூர்க்கம் வீரம் அன்று

இதை அறியாததால் நம் பகுதிகளில் நடப்பது என்ன? குட்டியைப் பால் மறந்த உடனே கொண்டு வந்து குட்டைச் சங்கிலியில் கட்டிவிடுகிறோம். வெளியாட்களைப் பார்க்க விட்டால் பழகிவிடும் என்று மறைத்து வைக்கிறோம். பகலெல்லாம் கட்டிப்போட்டால் இரவில் வெறியோடு இருக்கும் என்கிறோம். கோலால் சீண்டுவதும், கல்லெறிந்து உசுப்புவதும், பட்டினி போடுவதும் பயிற்சி என்று நம்பப்படுகின்றன. மிளகாய் கலந்து ஊட்டினால் ரோஷம் வரும் என்று சொல்வோரும் உண்டு.

பிறந்து ஏறத்தாழ 3 வாரம் முதல் 12 வாரம் வரையிலான பருவமே, மனிதர்களையும் ஓசைகளையும் புதுப் பொருள்களையும் இயல்பானவை என்று குட்டி ஏற்றுக்கொள்ளும் பருவம். அப்போது மறைத்து வளர்க்கப்பட்ட நாய்க்குப் பின்னாளில் எல்லாமே அச்சுறுத்தலாகத் தெரியும். சங்கிலியில் கட்டுண்ட நாய்க்கு ஓட வழியில்லை. எனவே அஞ்சும்போதெல்லாம் பாய்வதைத் தவிர வேறொன்றும் அதற்குத் தெரியாது. இப்படி வளர்ந்த நாயின் மூர்க்கத்தைக் கண்டு நாம் மகிழ்கிறோம். உண்மையில் நாம் வளர்த்திருப்பது காவலனை அன்று. நாள் முழுதும் நடுங்கும் ஓர் உயிரை.

அந்த நாய் திருடனைக் கடிக்குமா என்பது ஐயத்திற்குரியது. துணிந்து எதிர்த்து வருபவன் முன் அச்சத்தால் கடிக்கும் நாய் பின்வாங்கிவிடக் கூடும். அது கடிக்கப் போவது தபால்காரரை. மின்கணக்கு எடுக்க வருபவரை. பால் ஊற்றும் அம்மாவை. தலையில் தொப்பியும் நெஞ்சோடு அணைத்த குர்ஆனுமாக மத்ரஸாவுக்கு ஓடும் பிள்ளையை. அவசரத்துக்கு உதவி கேட்டு நம் கதவைத் தட்டும் மாற்று மதத்து அண்டை வீட்டாரை. நம் அண்டை வீட்டார் நம் தீங்கிலிருந்து பாதுகாப்புப் பெறாதவரை நம் ஈமான் முழுமையாகாது என்று எச்சரிக்கப்பட்ட சமுதாயம் நாம்.

2024 மே மாதத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் தாக்கிய செய்தி நம் நெஞ்சங்களை உலுக்கியது. அக்குழந்தை தலையில் பலத்த காயமடைந்தாள். நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அந்த நாய்களுக்குள் எந்த உந்துதல் மூண்டது என்று தொலைவிலிருந்து நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றைத் தடுத்து நிறுத்தக் கூடிய கட்டுப்பாடு அந்த வேளையில் அங்கே இல்லை என்பது மட்டும் போதும். ஒரு குழந்தையின் வாழ்வு அந்த இல்லாமையில்தான் சிதைகிறது.

“சாதுவான நாயைக் கண்டு எந்தத் திருடன் அஞ்சுவான்?” என்று கேட்பார்கள். நம் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது கடிக்கும் நாயன்று, குரைத்து எழுப்பும் நாய் என்பதே நம் விடை. இரவில் அந்நியன் வேலியைத் தாண்டும்போது வீட்டாரையும் தெருவையும் விழிக்கச் செய்தால் காவலின் நோக்கம் நிறைவேறிவிட்டது. இருளில் வருபவர்கள் அஞ்சுவது வெளிச்சத்துக்கும் ஓசைக்கும்தான். இதற்கு நம் தெருவில் பிறந்த நாட்டு நாயே போதும். கடித்துப் பிடிக்கும் நாய் என்பது காவல்துறைக்கும் இராணுவத்துக்கும் உரிய கருவி. அதன் பின்னே பயிற்சி பெற்ற கையாளுநர் எப்போதும் இருக்கிறார். அந்தக் கையாளுநர் இல்லாத வீட்டில் அந்த நாய் மட்டும் இருப்பது, வண்டி ஓட்டத் தெரியாதவர் வாசலில் சாவியோடு நிற்கும் லாரியைப் போன்றது.

இனத்தைத் தேர்வதிலும் உந்துதல் பற்றிய அறிவு வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தியே பெயர் பெற்றவை. துரத்தும் வேட்கை அவற்றின் குருதியில் உள்ளது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டைக்கு இங்கு இடமில்லை. எனவே பரந்த இடமும் அன்றாட ஓட்டமும் தர இயலாத வீட்டில் அவற்றைக் கட்டிவைப்பது அவற்றுக்குக் கொடுமை, ஆடு கோழி வளர்க்கும் அண்டை வீட்டாருக்குத் தொல்லை. கோம்பையும் ராஜபாளையமும் காவலுக்குப் பெயர் பெற்றவை. ஆனால் அந்நியரை எளிதில் ஏற்காதவை. ஆகவே குட்டிப் பருவத்திலேயே மனிதர்களோடு பழக்கப்படுத்தப்பட வேண்டியவை. படத்தில் கண்டோம், பக்கத்து ஊரில் ஒருவர் வைத்திருக்கிறார் என்று குட்டி வாங்குவது அறிவுடைமை ஆகாது.

பொறுப்பு யாருடையது?

பழகாத நாய் கடித்தால் அது விலங்கின் செயல், நம்மீது பழியில்லை என்று ஒதுங்க முடியாது. கடிக்கும் இயல்புடையது என அறிந்தும் ஒரு நாயைக் கட்டாமல் விட்டவர் அதனால் விளைந்த சேதத்துக்குப் பொறுப்பாளர் என்று சட்ட அறிஞர்கள் பலர் கூறியுள்ளார்கள். நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தம் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராதபடி காக்கத் தவறுபவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது. எப்போதும் சங்கிலியில் கட்டிய நாய்க்குப் போதிய நடமாட்டம் தராதிருப்பதும், விலங்கைச் சண்டைக்குத் தூண்டுவதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றங்கள். விலங்குகளை ஒன்றோடொன்று மோதத் தூண்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்த வரலாற்றை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே பிள்ளைகளின் கண்முன் நாம் நாயைச் சீண்டி வெறியேற்றினால் அவர்கள் எதைக் கற்பார்கள்?

எனவே, உண்மையான தேவையோடு நாய் வளர்க்கும் குடும்பங்களுக்கு நாம் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். நாய்க்கு வீட்டின் வெளிப்புறத்தில் நிழலும் நீரும் நடமாட இடமும் உள்ள கொட்டில் அமையுங்கள். தொழும் இடமும் பாத்திரங்களும் தூய்மையாக இருக்க இதுவே வழி; நாயின் மன அமைதிக்கும் இதுவே வழி. குட்டியாக இருக்கும்போதே வீட்டுக்கு வருவோர் போவோரைக் காணச் செய்யுங்கள். ‘வா’, ‘உட்கார்’, ‘விடு’ என்ற மூன்று சொற்களுக்கு அது கட்டுப்படும் வரை வேறெதையும் கற்றுத் தராதீர்கள். உரிய காலத்தில் கால்நடை மருத்துவரிடம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடருங்கள். பெயர்ப்பலகைக்கு அருகே நாய் இருப்பதற்கான அறிவிப்பும் கதவுக்குத் தாழ்ப்பாளும் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கும் கற்றுத் தாருங்கள். நாய் நெருங்கினால் ஓடக் கூடாது. ஓட்டமே இரை உந்துதலைக் கிளறுகிறது. கைகளை உடலோடு ஒட்டி, கண்ணோடு கண் நோக்காமல், மரம்போல் நின்றால் பெரும்பாலும் அது முகர்ந்துவிட்டு விலகிவிடும். உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் குட்டியோடு இருக்கும் நாயையும் நெருங்கக் கூடாது. கடிபட்டால், மார்க்கத் தூய்மைக்கான கழுவுதல் எந்த மத்ஹபில் எத்தனை முறை என்ற பேச்சு பிறகு இருக்கட்டும். உடனே ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் காயத்தைக் கழுவி, அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்குங்கள். சிறு கீறல்தானே என்று ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். வெறிநோய் முற்றிய பின் அதற்கு மருந்து இல்லை.

நம் ஜமாஅத்தார் மனம் வைத்தால், கால்நடை மருந்தகத்தின் துணையோடு ஆண்டுக்கொரு முறை தடுப்பூசி முகாம் நடத்தலாம். ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் இதைப் பற்றிப் பேசலாம். நாய் பற்றிப் பள்ளிவாசலில் பேசுவதா என்று தயங்க வேண்டியதில்லை. குகைவாசிகளின் வரலாற்றைச் சொல்லும் சூரா அல்கஹ்ஃபில், வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்த அவர்களுடைய நாயையும் அல்லாஹ் குறிப்பிடுகிறான். அங்கே அது குரைத்ததாகவோ கடித்ததாகவோ சொல்லப்படவில்லை. வாசலில் இருந்தது என்பதே சொல்லப்படுகிறது.

நமக்குள்ளும் ஒரு நாய்

ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் மனித உள்ளத்துக்கு ஓர் உவமை தருகிறார்கள். அறிவு என்பது வேட்டைக்குப் புறப்பட்ட குதிரை வீரன். ஆசை அவன் ஏறியுள்ள குதிரை. கோபம் அவனோடு வரும் நாய். வீரன் திறமையுள்ளவனாகவும், குதிரையும் நாயும் பழக்கப்பட்டவையாகவும் இருந்தால் வேட்டை வெல்லும். வீரன் அறியாதவனாகவும், நாய் ஏவலுக்கு அடங்காது கடிப்பதாகவும் இருந்தால் அவன் தானே அழிவான். நாயைக் கொன்றுவிடு என்று இமாம் சொல்லவில்லை. அதைப் பழக்கு என்பதே உவமையின் பொருள். கோபமே இல்லாதவன் தன் வீட்டையும் மானத்தையும் காக்க மாட்டான். கோபத்தை அடக்கத் தெரியாதவன் தன் வீட்டாரையே கடிப்பான்.

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சூளைச் சுவருக்குள் நிற்கும் நெருப்புதான் களிமண்ணைப் பாத்திரமாக்குகிறது. அதே நெருப்பு சுவரைத் தாண்டினால் கொட்டகையையே சாம்பலாக்கும். நாயின் உந்துதலும் மனிதனின் கோபமும் அத்தகையவையே. அறிவுரை கேட்டு வந்த ஒருவருக்குக் கோபம் கொள்ளாதீர் என்பதையே நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மல்யுத்தத்தில் வீழ்த்துபவர் அல்லர், கோபத்தின்போது தம்மை அடக்கிக்கொள்பவரே வலிமையாளர் என்றும் விளக்கினார்கள்.

ஒரு வீட்டு நாயைப் பார்த்தால் அந்த வீட்டாரின் குணம் சிறிதளவேனும் தெரிந்துவிடும் என்பது நம் துணிபு. நாள்தோறும் கூச்சலும் அடியும் உள்ள வீட்டில் நாய் அமைதியாக இருக்காது. சொன்ன சொல்லில் நிலைத்திருக்கும் வீட்டாரின் நாய்க்கு எப்போது குரைக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். ஆகவே காவலுக்கு நாய் தேடும் சகோதரர்களே, சகோதரிகளே! அது எவ்வளவு ஆவேசமாகப் பாயும் என்று விற்பவரிடம் கேட்காதீர்கள். ஒரு சொல்லுக்கு அது நிற்குமா என்று கேளுங்கள். நிற்காதென்றால், அந்த நாயை நிற்கப் பழக்கும் பொறுமை நம் வீட்டில் உண்டா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். அந்தப் பொறுமை இல்லாத வீட்டுக்கு உறுதியான தாழ்ப்பாளும், வாசலில் ஒரு விளக்கும், நல்ல அண்டை வீட்டாரும் போதும்.

நம் கைவசம் தந்த உயிர்கள் குறித்து நாளை விசாரிக்கப்படுவோம் என்ற அச்சத்தையும், நம் கோபத்தை நம் கட்டுக்குள் வைக்கும் வலிமையையும், அண்டை வீட்டார் அஞ்சாது வந்து செல்லும் வீடுகளையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.